48 மணி நேரத்துக்குப் பிறகு யார் பொறுப்பு?

சாலை விபத்தில் அடிபட்டவரின் உயிரை முதல் இரண்டு நாட்களுக்குள் காப்பாற்றிவிட வேண்டும் என்பதில் தமிழ்நாட்டில் இன்று இரண்டு கருத்து கிடையாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் என்றது. அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதுதான் மிக அதிகம். அவற்றில் 17,884 பேர் உயிரிழந்தார்கள்.

உயிரோடு வீடு திரும்பியவர்கள் அதன் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில் வருவதில்லை. குறிப்பாக, தலையில் லேசாக அடிபட்டவர்கள். “ஸ்கேன் நார்மல், பயப்பட ஒண்ணுமில்ல” என்ற ஆறுதலோடும் ஒரு மாத்திரைச் சீட்டோடும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்கள் மறதியோடும் தலைவலியோடும் மாதக்கணக்கில் போராடி, கடைசியில் மருந்துக் கடையில் ‘ஞாபகசக்தி மாத்திரை’ கேட்டு நிற்கிறார்கள். அப்படியொரு மாத்திரை இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு தூரம் உதவும்? மாத்திரை செய்ய முடியாததை யார் செய்வது? மூன்றாவது கேள்விக்கு நம்மிடம் இன்னும் பொதுவான பதில் இல்லை.

எது குறைகிறது?

நினைவு தப்பியது அரை மணி நேரத்துக்குள், அதைத் தொடர்ந்த நினைவுக் குழப்பம் ஒரு நாளுக்குள், கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 13 முதல் 15 வரை மதிப்பெண். இவ்வளவுதான் என்றால் மருத்துவம் அதை லேசான தலைக்காயம் என்கிறது. 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவான அந்த அளவுகோல், அடிபட்டவரின் உணர்வுநிலையை அவசரச் சிகிச்சைப் பிரிவில் சட்டென்று கணிப்பதற்கானது. அடுத்த மாதம் அவர் வேலைக்குப் போய்ச் சமாளிப்பாரா என்பதை அது சொல்லாது.

அடிபட்டவர் நடக்கிறார், பேசுகிறார், பெயரும் ஊரும் தேதியும் சரியாகச் சொல்கிறார். ஐந்தாம் வகுப்பு ஆசிரியரின் பெயர்கூட அவருக்கு நினைவிருக்கிறது. ஒரு வேலை முடியும்வரை அதற்கு வேண்டியதை மனத்தில் பிடித்துவைத்து, அதைக் கொண்டு கணக்குப் போடவோ முடிவெடுக்கவோ உதவும் திறன்தான் குறைந்திருக்கிறது. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974இல் இதற்கொரு விளக்கம் தந்தார்கள். இந்தத் திறனைச் செயல் நினைவு எனலாம்.

சாயங்காலம் ஒரு மளிகைக் கடையில் நின்று பார்த்தால் இது புரியும். கல்லாவில் இருப்பவர் அட்டைத் துண்டில் பில் கூட்டிக்கொண்டிருக்கிறார். “அண்ணே, அரைக் கிலோ துவரம் பருப்பு, கால் கிலோ வெல்லம், ரெண்டு சோப்பு” என்கிறார் ஒருவர். இன்னொருவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். பணம் வந்துவிட்டதாகச் சின்ன ஒலிபெருக்கி அறிவிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் கூட்டலை விடாமல், பருப்பை நிறுக்கச் சொல்லி, மீதியையும் எண்ணிக் கொடுத்துவிடுவார் அந்த மனிதர். பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு மாதம் கழித்து அதே கல்லாவில் உட்காரும்போது, யாராவது குறுக்கே பேசினாலே கூட்டல் அறுந்துபோகிறது. சோப்பு வருகிறது, வெல்லம் வரவில்லை. வாங்கியது ஐந்நூறா இருநூறா என்று தடுமாறுகிறார். கடை சாத்தும் நேரத்தில் மண்டை இடிக்கிறது. வீட்டுக்குப் போனால் எரிந்துவிழுகிறார். “அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?” என்பது ஊர்ப் பேச்சு. தான் பழைய ஆள் இல்லை என்பது அவருக்கு மட்டுமே தெரிகிறது.

சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். அதிர்ச்சியில் நரம்பிழைகள் இழுபட்டு, அவற்றின் தொடர்பு குலைந்திருப்பதை அது காட்டாது. அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் மெக்கலிஸ்டரின் குழு, லேசாக அடிபட்டு ஒரு மாதமே ஆனவர்களுக்கு நினைவுச் சோதனை கொடுத்து, அந்த நேரத்தில் மூளை எப்படி இயங்குகிறது என்பதைப் படமெடுத்து 1999இல் வெளியிட்டது. மதிப்பெண்ணில் அவர்கள் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆனால், சோதனை சற்றுக் கடினமானதும் அவர்களுடைய மூளை கூடுதல் பகுதிகளை வேலைக்கு இழுத்தது. கடை சாத்தும் நேரத்துத் தலைவலிக்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

இது ஏதோ சிலருடைய தொல்லை என்றும் ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் 11 பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களுக்கு லேசான தலைக்காயத்துடன் வந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு சிரமம் இருப்பதாக 53 சதவீதத்தினர் சொன்னார்கள். தலையில் அடிபடாமல் கை, கால் காயங்களோடு வந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 38 சதவீதம். இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் கவனிக்க வேண்டியது.

மாத்திரையால் என்ன முடியும்?

நம் ஊரில் தலைக்காயத்துக்கான மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் சிட்டிகோலின், பிராசிட்டாம். மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் குடும்பங்களுக்கு இது சின்னச் செலவு இல்லை. சிட்டிகோலின் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 1,213 பேரில் ஒரு பாதிக்கு அந்த மருந்தும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் 90 நாட்கள் கொடுக்கப்பட்டன. காயம் கடுமையாக இருந்தவர்களோடு, லேசாக அடிபட்டாலும் ஸ்கேனில் பாதிப்பு தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2012இல் முடிவு வந்தது: நினைவாற்றலிலோ அன்றாடச் செயல்பாட்டிலோ மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. முதியோரின் மறதிநோய்க்குத் தரப்படும் ரிவாஸ்டிக்மினும் 2006இல் சோதித்துப் பார்க்கப்பட்டது. மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று காட்ட முடியவில்லை. தலைக்காயத்துக்குப் பின் வரும் மறதிக்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுவரை எந்த மருந்துக்கும் ஒப்புதல் தரவில்லை.

ஓரளவு நம்பிக்கை தரும் திசையும் உண்டு. செயல் நினைவை நடத்துவது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி. டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் அங்கே சரியான அளவில் இருக்க வேண்டும். சாம்பாரில் உப்பைப் போல, குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் கெட்டது. கவனக்குறைவுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் இவற்றைக் கூட்டுகிறது. மெக்கலிஸ்டர் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், அடிபட்டுப் பல மாதங்கள், ஆண்டுகள் ஆகியும் மறதி தீராத 71 பேர் பங்கேற்றார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்று மாத்திரை. அதோடு சிலருக்கு, மறதியைச் சமாளிக்கும் உத்திகளைச் சொல்லித்தரும் பயிற்சி. ஆறு வாரங்களில் கற்றலிலும் செயல் நினைவிலும் நல்ல பலன் கண்டவர்கள், மருந்தும் அந்தப் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும், மாத்திரைக்குப் பக்கத்தில் பயிற்சி தர ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது.

மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் கண்டிப்பான கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. ‘எக்ஸ்’ அட்டவணையில் வருவதால் சீட்டு இரண்டு பிரதிகளாக எழுதப்பட வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், தூக்கம், பசி எல்லாவற்றையும் அது தொடும். ஆகவே, யாரோ சொன்னார்கள் என்று தேடிப் போகிற மருந்து இல்லை. நரம்பியல் அல்லது மனநல மருத்துவர் பார்த்து, சிறிய அளவில் தொடங்கி, பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டிய மருந்து.

நிறுத்த வேண்டியவை எவை?

புதிதாக எதைச் சேர்ப்பது என்று யோசிக்கும் முன், சீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது தந்த சீட்டில் நான்கைந்து பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 1-0-1, 0-0-1 என்ற குறிப்பு. கீழே ‘ஐந்து நாட்களுக்கு’ என்று ஒரு வரி. ஆறாவது நாள் அதே சீட்டைக் கடையில் காட்டி அதே மருந்துகள் வாங்கப்படுகின்றன. பிறகு வெறும் அட்டையைக் காட்டினாலே போதும் என்றாகிவிடுகிறது. ஐந்து நாள் மருந்து ஐந்து மாத மருந்தாவது இப்படித்தான்.

அவற்றில் சில, நினைவையே மந்தமாக்கக்கூடியவை. தலைவலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், சளி மாத்திரைகளில் கலந்திருக்கும் குளோர்ஃபெனிரமின் ஆகியவை கவனத்தைக் குலைக்கும் என்பது நன்கு தெரிந்த விஷயம். வலிப்பைத் தடுக்கும் ஃபெனிடாயினும் சிந்தனை வேகத்தைக் குறைக்கக்கூடியது. கடுமையாகத் தலையில் அடிபட்டவர்களிடம் நடந்து 1990இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, அந்த மருந்து முதல் ஒரு வாரத்து வலிப்பைத்தான் தடுக்கிறது, அதற்குப் பின் வருவதைத் தடுப்பதில்லை என்று காட்டியது. காயம் லேசானது, வலிப்பும் வந்ததில்லை என்னும்போது மாதக்கணக்கில் அது தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. ஒரு எச்சரிக்கை: வலிப்பு மாத்திரையையும் அல்பிரசோலத்தையும் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தும் முடிவும் குறைக்கும் வேகமும் மருத்துவருடையவை. மது விஷயத்தில் அந்தத் தயக்கம் தேவையில்லை. ஆறிக்கொண்டிருக்கும் மூளைக்கு அது எந்த அளவிலும் நல்லதல்ல. அதேசமயம், பல நாள் குடிப்பழக்கம் உள்ளவர் அதையும் மருத்துவ உதவியோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

ஒரு தாள் செய்யும் வேலை

மருந்துகள் தடுமாறிய இடத்தில் பலன் தந்த ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய நரம்பு உளவியலாளர் ஜெனி பான்ஸ்ஃபோர்டின் குழு, லேசான தலைக்காயத்தோடு வந்தவர்களில் ஒரு பிரிவினரை முதல் வாரத்தில் சந்தித்து, ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தது. என்னென்ன அறிகுறிகள் வரலாம், அவை எப்படிக் குறையும், எப்படிச் சமாளிக்கலாம் என்பதுதான் அதில் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கையேடு கிடைக்காதவர்களைவிட இவர்களுக்குத் தொல்லைகள் குறைவாக இருந்தன. 2002இல் வெளியான ஆய்வு அது. என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் பயப்படுவதில்லை. பயம் குறைந்தால் தூக்கம் வருகிறது, தூக்கம் வந்தால் நினைவு தேறுகிறது.

ஓய்வு பற்றியும் நம்மிடையே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தலையில் அடிபட்ட பிள்ளையை இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பதுதான் பாசம் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 11 முதல் 22 வயதுவரை உள்ளவர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஐந்து நாள் முழு ஓய்வில் இருந்தவர்கள், ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல இயல்புக்குத் திரும்பியவர்களைவிட அதிகத் தொல்லைகளைச் சொன்னார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக நடை, படிப்பு, வேலை என்பதே இன்று ஏற்கப்பட்ட வழி.

யாருக்கு என்ன பங்கு?

முதல் பங்கு மருத்துவமனைக்கு. அரசு, தனியார் என்ற பாகுபாடில்லாமல், தலைக்காயத்தோடு வந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் எளிய தமிழில் ஒரு தாள் இருக்க வேண்டும். உடனே திரும்பி வர வேண்டிய அறிகுறிகள் அதில் முதலில்: ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலமிழப்பு. அடுத்து, மறதியும் எரிச்சலும் வரலாம், பெரும்பாலும் குறையும் என்ற விளக்கம். கடைசியில், எந்த மருந்தை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதும் இரண்டு வாரம் கழித்து யாரைப் பார்க்க வேண்டும் என்பதும்.

அடுத்தது மருந்துக் கடை. ‘ஐந்து நாட்களுக்கு’ என்று எழுதிய சீட்டு ஐந்து நாட்களோடு முடிகிறது. மூன்றாவது முறை அதே அட்டையோடு வருபவரிடம், “டாக்டரை ஒருதடவை பாத்துட்டு வாங்க” என்று மருந்தாளுநர் சொல்வது வியாபார நஷ்டமாகத் தோன்றலாம். ஆனால், அந்தச் சங்கிலியை அறுக்கக்கூடிய கடைசி ஆள் அவர்தான்.

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் உள்ள பங்கு பெரிது, செலவு குறைவு. ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லலாம். சொன்னதை எழுதிவைக்க ஒரு சின்ன நோட்டு, செல்போனில் நினைவூட்டல் மணி, சாவிக்கும் பணப்பைக்கும் ஒரே இடம் என்று பழக்கலாம். “இப்பதானே சொன்னேன்” என்ற வார்த்தையைக் கொஞ்ச நாள் விட்டுவிடலாம். முதலாளிகள் முதல் சில வாரங்களுக்கு அரை நாள் வேலையோ இடையூறு குறைந்த வேலையோ தரலாம். அந்த மளிகைக் கடைக்காரர் பத்து நாள் கல்லாவை விட்டுச் சரக்கு அடுக்கும் வேலையைப் பார்த்தால் கடை நின்றுபோகாது. வேகமாக ஓடும் இயந்திரத்தின் முன்னாலும் வண்டி ஓட்டும் வேலையிலும் அவசரப்பட்டு உட்காரவைப்பது மற்றவர்களுக்கும் ஆபத்து. பள்ளிகளிலும் இதே நியாயம்தான். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. தலைக்காயத்திலிருந்து தேறிவரும் மாணவருக்கும் மருத்துவச் சான்றின் பேரில் தற்காலிகமாக அதை நீட்டிக்கலாம்.

அரசுக்கு இருக்கும் பெரிய வசதி, வீடுதேடிப் போகும் ஊழியர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுபோய்த் தருகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே போகிறது. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களின் பட்டியலும் அரசிடம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, ஒரு மாதம், மூன்று மாதம் என்ற இடைவெளியில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: தூக்கம் எப்படி, தலைவலி எப்படி, பழைய வேலையைப் பழையபடி செய்ய முடிகிறதா? மூன்று மாதம் ஆகியும் முடியவில்லை என்று சொல்பவரை அனுப்ப, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் வாரம் ஒரு நாள் தலைக்காய மறுவாழ்வுப் பிரிவு வேண்டும். உளவியலாளரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் அதில் இருக்க வேண்டும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கி வளர்த்தவர் பி. ராமமூர்த்தி. அந்த மரபுள்ள ஊருக்கு இது எட்டாத காரியமில்லை.

நீதிமன்றங்களுக்கும் இதில் இடமுண்டு. உடலில் இத்தனை சதவீத ஊனம் என்பதை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பாதிப்பு அவர் பார்த்த வேலையை எப்படிக் குறைத்தது என்று பார்க்க வேண்டும் என 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கணக்கராக இருந்தவரின் மறதியையும் இந்த அளவுகோலால் அளக்க, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு முறையான நரம்பு உளவியல் அறிக்கை தேவை. அதைத் தர அரசு மருத்துவமனைகளில் ஆள் இருக்க வேண்டும்.

ஒரு நியாயமான சந்தேகம்

அவர்களாகவே தேறிவிடுபவர்களைப் போய் “மறதி இருக்கிறதா?” என்று கேட்டால், இல்லாத நோயை உண்டாக்கிவிட மாட்டோமா என்று சில மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். கூட்டம் வழியும் புறநோயாளிப் பிரிவில் இதற்கு நேரம் ஏது என்றும் கேட்கிறார்கள். இரண்டும் நியாயம். ஆகவேதான் முதல் படியாகத் தாளைச் சொல்கிறோம், பரிசோதனையை அல்ல. ‘பெரும்பாலும் குறையும்’ என்ற உண்மையையும் அந்தத் தாள்தான் சொல்கிறது. மூன்று மாதம் தாண்டியும் தேறாதவர்களை மட்டுமே அடுத்த படிக்கு அனுப்பினால் கூட்டமும் கூடாது. பலனில்லாத மாத்திரைக்கு நோயாளிகள் இன்று கொட்டும் பணத்தை நினைத்தால், இந்தச் செலவு பெரிதாகத் தோன்றாது.

வரும் முன் காப்பதற்கு ஈடான மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தலைக்கவசம் அணிந்தால் தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவீதமும் இறப்பு ஆபத்து சுமார் 42 சதவீதமும் குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2008இல் சொன்னது. 2022இல் இந்தியாவில் தலைக்கவசம் இல்லாமல் இறந்த இருசக்கர வாகனப் பயணிகள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

கூட்டுப் பொறுப்பு என்று பேசும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லோருடைய பொறுப்பும் கடைசியில் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போய்விடும். அதனால் அந்தத் தாளின் அடியில் மூன்று கோடுகள் வேண்டும்: மறுபரிசோதனை செய்யும் மருத்துவரின் பெயர், வீட்டில் மருந்தைக் கவனிப்பவரின் பெயர், மூன்றாவது மாதம் வந்து கேட்கப்போகும் சுகாதார ஊழியரின் பெயர். சுகாதாரத் துறையின் ஓர் அரசாணை போதும். மூன்று கோடுகளையும் நிரப்பாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அது சொல்ல வேண்டும்.